சரோஜ் நாராயணசுவாமி: அந்தக் குரலை நாம் ஏன் அவ்வளவு நம்பினோம்?

பழையவானொலி:

"ஆகாசவாணி. செய்திகள். வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி."

இந்த அறிவிப்பை இடைவெளி கூட மாறாமல் இன்றும் சொல்லிக் காட்டக்கூடியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். 2022 ஆகஸ்ட் 13 அன்று மும்பையில், 87 வயதில் அவர் காலமானார். அப்போது நான் படித்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை "கம்பீரமான குரல்" என்பதோடு நின்றுவிட்டன. எனக்கு அது போதவில்லை. கம்பீரமான குரல் வேறு பலருக்கும் இருந்தது. இவர் வாசித்தால் அது நடந்திருக்கிறது என்று ஊரே எடுத்துக்கொண்டதே, அது எப்படி வந்தது?

அவரைப் பற்றிப் பொதுவில் தெரிந்தவை கொஞ்சம்தான். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம், பிறந்து வளர்ந்தது மும்பை. டெல்லியில் வங்கி வேலையில் இருந்துவிட்டு அறுபதுகளில் ஆகாசவாணி என்கிற அகில இந்திய வானொலிக்கு வந்தார். தொண்ணூறுகளின் நடுவில் ஓய்வுபெறும் வரை தமிழ்ச் செய்திப் பிரிவில் இருந்தார். வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த முதல் பெண் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். பிறகு தமிழக அரசின் கலைமாமணி விருது வந்தது. தமிழ்நாட்டில் வளராத ஒருவர்தான் தமிழ்நாட்டுக்கு இத்தனை வருடம் சுத்தமான உச்சரிப்பைக் கேட்கக் கொடுத்தார் என்பது எனக்கு இன்றும் பிரமிப்பு.

என் காதில் நிற்பது அவருடைய வேகம். ஒரு வாக்கியம் முடிந்தால் முடிந்தது என்று தெரியும். அடுத்தது தொடங்கும் முன் நாம் ஒரு மூச்சு விடலாம். பட்ஜெட், வெள்ளம், ஒரு தலைவரின் மறைவு, கிரிக்கெட் ஸ்கோர், இவை ஒவ்வொன்றுக்கும் அதனதன் கனம் இருக்கும். ஆனால் எதற்கும் அழுகையோ ஆரவாரமோ சேராது. நம்பிக்கை அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

தென்காசிக்காரன்:

ஐயா, எங்கள் ஊரில் பாதி வீடுகளில் ரேடியோ கிடையாது. பஞ்சாயத்து ரேடியோதான். ஒரு சின்ன அறை, அதன் மேல் கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி, காலையிலும் மாலையிலும் வந்து போட்டுவிட்டுப் போக ஒருவர். காலை 7.15 டெல்லிச் செய்தி வந்தால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது என்று அர்த்தம். வயலுக்குப் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அதுதான் செய்தித்தாள். அவர்கள் செய்தி வாசிப்பவரைப் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். ஏதாவது தகராறு வந்தால் "ரேடியோவில் சொன்னாங்க" என்பது ஒரு தரம், "சரோஜ் நாராயணசுவாமியே சொன்னாங்க" என்பது அதற்கு மேல் ஒரு தரம். இரண்டாவதைச் சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்தது.

அப்புறம் ஒன்று. எங்கள் தாத்தா போன்றவர்களுக்கு டெல்லி என்பது எங்கோ இருக்கிற இடம். அங்கிருந்து ஒரு பெண் தினமும் தமிழில் பேசுகிறார், அவர் பேசுவது எனக்குப் புரிகிறது என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம். நாட்டு நடப்பு தங்களுக்கும் உரியது என்ற எண்ணத்தைக் கொடுத்தது அந்தப் பத்து நிமிடம்.

பேனாமுனை:

அவர் மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் யாராவது இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம்பினோம், சரி. வேறு யாரை நம்புவதற்கு வழி இருந்தது? அகில இந்திய வானொலி 1997இல் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பு வரும் வரை நேரடியாக அரசின் ஒரு துறை. வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ளவே தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி லைசென்ஸ் வாங்கிய காலம் அது. 1975 ஜூன் 26 காலையில் அவசரநிலையை அறிவித்து இந்திரா காந்தி பேசியது இதே வானொலியில்தான். அதன் பிறகு 21 மாதங்கள் பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது. வானொலிக்குத் தணிக்கை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை, ஏனென்றால் அது அரசின் கையிலேயே இருந்தது. 'ஆல் இந்திரா ரேடியோ' என்ற பெயர் சும்மா வந்ததல்ல. அவசரநிலைக்குப் பின் வந்த ஜனதா அரசு நியமித்த வர்கீஸ் குழு 1978இல் வானொலி, தொலைக்காட்சி இரண்டையும் ஒரு தன்னாட்சி அறக்கட்டளையிடம் விடச் சொன்னது. பிரசார் பாரதி சட்டம் வர 1990 ஆயிற்று, அது நடைமுறைக்கு வர இன்னும் ஏழு வருடம்.

ஆக, ஒரு நல்ல குரலின் நம்பகத்தன்மையை அரசு தன் கணக்கில் பல ஆண்டுகள் செலவழித்தது. இதைப் பேசாமல் குரலை மட்டும் கொண்டாடினால் பாதிக் கதைதான் வரும்.

சிற்றலை:

பேனாமுனை சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்கு முன் ஒலி பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். நான் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி பைத்தியம், அதனால் இது என் பகுதி.

டெல்லியில் வாசிக்கப்படும் செய்தி நம் ஊர் நிலையங்களுக்கு எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? செயற்கைக்கோள் வசதி வரும் முன், டெல்லி சிற்றலையில் ஒலிபரப்பும், அதைச் சென்னையிலும் திருச்சியிலும் பிடித்து மத்திய அலையில் (மீடியம் வேவ்) மறு ஒலிபரப்பு செய்வார்கள். அதைத்தான் 'டெல்லி அஞ்சல்' என்று சொல்வது. சிற்றலை என்றால் ஒலி ஏறும், இறங்கும், இரைச்சல் சேரும், பக்கத்து நிலையம் உள்ளே நுழையும். நம் வீட்டு ரேடியோவுக்கு வரும்போது அது இரண்டு தடவை அடிவாங்கி வந்த ஒலி.

அந்த நிலையில் மெல்லிய குரலோ வேகமான வாசிப்போ பிழைக்காது. சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கினால் "வந்தார்", "வந்தால்" வித்தியாசமே தெரியாமல் போய்விடும். சரோஜ் அம்மாவின் அழுத்தமான உச்சரிப்பும் வாக்கிய முடிவில் விடும் அந்த நிறுத்தமும் அழகுக்காக மட்டும் வந்தவை என்று நான் நினைக்கவில்லை. இரைச்சலைத் தாண்டி அர்த்தம் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை அதில் இருந்தது. ழகரமும் ளகரமும் அந்தக் கரகரப்பிலும் தனித்தனியாகக் கேட்கும்!

இனி 1984 அக்டோபர் 31. இந்திரா காந்தி சுடப்பட்டது காலை ஒன்பது மணிக்குக் கொஞ்சம் பிறகு. பிபிசி இறந்துவிட்டார் என்றே பகலில் சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே டிரான்சிஸ்டரில் பிபிசி கேட்டுத்தான் நிலைமையைத் தெரிந்துகொண்டதாக உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அகில இந்திய வானொலி மரணத்தை அறிவித்தது மாலையில். அந்தத் தாமதத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அன்று எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். பிபிசி கேட்டவர்கள் விஷயத்தைச் சொன்ன பிறகும், மற்றவர்கள் ஆகாசவாணி சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். முதலில் சொல்பவர் ஒருவர், உறுதிப்படுத்துபவர் இன்னொருவர். மக்கள் மனதில் இரண்டுக்கும் இடம் இருந்தது.

மேசைவிளக்கு:

நான் ஒரு பிராந்திய நிலையத்தில் சில காலம் தற்காலிக அடிப்படையில் செய்தி வாசித்திருக்கிறேன். எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. வெளியே இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

வானொலியில் மொழிச் செய்திப் பிரிவுகளில் அந்தப் பதவியின் பெயரே 'செய்தி வாசிப்பாளர், மொழிபெயர்ப்பாளர்'. இரண்டும் ஒரே ஆள்தான் செய்ய வேண்டும். பொதுச் செய்தி அறையிலிருந்து ஆங்கிலத்தில் செய்திகள் வரும். அவற்றில் எது நம் அறிக்கையில் என்று முடிவானதும் தமிழாக்கம் செய்ய உட்கார வேண்டும். காலைச் செய்தி என்றால் விடியும் முன்பே அலுவலகத்தில் இருக்க வேண்டும். பத்து நிமிட அறிக்கைக்கு எத்தனை பக்கம் என்று கையே பழகிப்போயிருக்கும். கோடியையும் மில்லியனையும் மாற்றும் இடத்தில்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒரு பூஜ்யம் தவறினால் அரசாங்கமே கேள்வி கேட்கும். வெளிநாட்டுத் தலைவர்களின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று மற்ற மொழிப் பிரிவுகளில் போய்க் கேட்டுவிட்டு வருவோம்.

ஸ்டூடியோவுக்குள் போன பிறகும் வேலை முடியாது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் பூனை நடை நடந்து வந்து ஒரு தாளை மேசையில் வைப்பார். கடைசி நேரச் செய்தி. அதை ஒருமுறை கூடப் படித்துப் பார்த்திருக்க மாட்டோம். வாசித்துக்கொண்டிருக்கும் பக்கத்தின் கடைசி வரியில் கண்ணின் ஓரத்தால் புதுத் தாளின் முதல் வரியைப் பார்த்துவிட வேண்டும். குரலில் எந்த அசைவும் தெரியக்கூடாது. தாள் புரளும் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்பதற்காகத் தாள்களைப் பின் குத்தாமல் தனித்தனியாக வைத்துக்கொண்டு மெல்ல நகர்த்துவோம்.

இதை ஒரு நாள் சரியாகச் செய்தாலே நிம்மதியாகத் தூங்கலாம். முப்பது வருடங்களுக்கு மேல் ஒருவர் செய்தார் என்றால் அதை வெறும் குரல் வளம் என்று சொல்லி முடிப்பது அவருக்கு நாம் செய்யும் குறைவு. அவருடைய மூலதனம் தயாரிப்பு.

இன்னொன்று, செய்தியில் ஒரு சொல்லைக் கூட வாசிப்பவர் தன் விருப்பத்துக்குச் சேர்க்க முடியாது. இப்போது திரையில் வருகிற நெறியாளர்களுக்கு இருக்கும் சுதந்திரம் எங்களுக்கு இருந்ததே இல்லை. அதை நான் குறையாகவும் சொல்லவில்லை.

வலிகாமம்:

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு குறிப்பு. எங்களுக்குத் திருச்சி நிலையம் கொழும்பைவிடத் தெளிவாகக் கேட்கும். அதனால் சரோஜ் நாராயணசுவாமியின் குரல் எங்கட வீட்டிலும் ஒரு ஆள் மாதிரித்தான்.

ஆனால் நாங்கள் ஒரு குரலை மட்டும் கேட்டு முடிவு எடுத்தது குறைவு. கொழும்பு என்ன சொல்லுது, டெல்லி என்ன சொல்லுது, இரவில் பிபிசி தமிழோசை என்ன சொல்லுது என்று மூன்றையும் கேட்ட பிறகுதான் ஐயா வாய் திறப்பார். 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்த நாட்களில் ரேடியோவுக்கு பற்றரி வாங்குவதுதான் முதல் செலவு. மூன்று நிலையமும் ஒன்றையே சொன்னால் அது நடந்தது. இரண்டு சொல்லி ஒன்று சொல்லாமல் விட்டால், ஏன் விட்டது என்று யோசிக்க வேண்டும். அப்படித்தான் செய்தி கேட்கப் பழகினோம்.

அதனால் பேனாமுனை சொல்வது எனக்கு விளங்குகிறது. அதே நேரம், டெல்லி அரசின் நிலைப்பாடு என்ன என்று அறிய வேண்டுமானால் அதைத் திரிபில்லாமல் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த இடத்தில் அவரைவிட நம்பிக்கையான ஆள் எங்களுக்கு இருக்கவில்லை. தமிழோசையில் சங்கரமூர்த்தி அவர்களின் குரல் மீது இருந்த மதிப்பு வேறு வகை. தமிழோசை வானொலி 2017இல் நின்றபோது எங்கள் பக்கம் அதை ஒரு இழப்பாகவே கதைத்தார்கள்.

பேனாமுனை:

மேசைவிளக்கு, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உழைப்பைப் பற்றி எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் உங்கள் கடைசிப் பத்திதான் என் வாதத்துக்கு வலு. வாசிப்பவருக்கு எதையும் சேர்க்க உரிமை இல்லை என்றால், விடுபட்டதைப் பற்றிக் கேட்கவும் உரிமை இல்லை. சொல்லாமல் விட்ட செய்தியை எந்தக் குரலும் காட்டிக்கொடுக்காது. பொய் சொல்லும்போது குரல் தடுமாறலாம். மௌனத்துக்குத் தடுமாற்றம் கிடையாது.

வலிகாமம் செய்ததுதான் சரியான வழி. மூன்றையும் கேட்பது. தென்காசிக்காரனின் ஊரில் கம்பத்தில் ஒரே குழாய்தான் இருந்தது.

தென்காசிக்காரன்:

குழாய் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் இதே ரேடியோவைக் கேட்டவர்கள்தான் 1977 மார்ச்சில் ஓட்டுப் போட்டார்கள். தமிழ்நாட்டில் இந்திரா காந்தியின் அணி ஜெயித்தது, வடக்கில் அவர் கட்சி தோற்றது. ரேடியோ சொன்னதை அப்படியே விழுங்கியவர்கள் என்றால் வட இந்தியாவில் அந்த முடிவு வந்திருக்காது. எது செய்தி, எது அரசாங்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது என்று பிரித்துப் பார்க்கும் புத்தி கேட்பவர்களுக்கு இருந்தது. "பிரதமர் திறந்து வைத்தார்" என்று வந்தால் பெரியவர்கள் வெற்றிலையை எடுத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் எல்லோரும் வாயை மூடிவிடுவார்கள். ஒரே குரல்தான், ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கேட்கவில்லை.

மதுரைமல்லி:

யாரும் இதைத் தொடாததால் எழுதுகிறேன். நான் கேட்டு வளர்ந்த காலத்தில் தீவிரமான விஷயங்களைச் சபையில் பேசுவது ஆண்கள் வேலை. வீட்டிலே அப்பா, ஊரிலே தலைவர், மேடையிலே பேச்சாளர். அந்தக் காலத்தில் போர், தேர்தல், பட்ஜெட் எல்லாவற்றையும் ஒரு பெண் குரல் சொல்லி, அதை ஆண்கள் எல்லாம் குறுக்கே பேசாமல் நின்று கேட்டார்கள் என்றால் சின்னப் பெண்ணாக இருந்த எனக்கு அது என்ன செய்திருக்கும் என்று பாருங்கள். நாளிதழை எடுத்து வைத்துக்கொண்டு, "வாசிப்பது" என்று சொல்லி என் பெயரைச் சேர்த்து வாசிப்பேன். என் தோழிகளும் அப்படித்தான். பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிக்க எங்களுக்குள் போட்டி.

பிறகு தொலைக்காட்சி வந்தது. சென்னைத் தூர்தர்ஷனில் ஷோபனா ரவி அவர்களும் அருமையாக, நிதானமாக வாசித்தார். ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது ஆட்கள் வாசிப்பில் தொடங்கிச் சேலையில் போய் முடிப்பார்கள். எனக்கு அது வருத்தம். சரோஜ் அம்மாவிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவர் எப்படி இருப்பார் என்றே பல வருடம் எங்களுக்குத் தெரியாது. ஒரு பெண்ணை அவளுடைய வேலையை மட்டும் வைத்து ஒரு நாடு மதித்த இடம் அது. எனக்கு அவர் நினைவு என்றால் முதலில் வருவது இதுதான்.

புதுவெள்ளம்:

நான் அவர் ஓய்வுபெற்ற பிறகு பிறந்தவன். இந்த இழையைப் படித்துவிட்டு இணையத்தில் தேடி ஒரு பதிவைக் கேட்டேன். முதலில் மெதுவாக இருப்பதாகத் தோன்றியது. மூன்றாவது செய்திக்குள் பழகிவிட்டது. கேட்டு முடித்த பிறகு எல்லாச் செய்தியும் நினைவில் இருந்தது, அதுதான் ஆச்சரியம். இப்போது அரை மணி நேரம் செய்தித் தொலைக்காட்சி பார்த்தால் சத்தம்தான் நினைவில் இருக்கிறது.

ஒரு கேள்வி. இத்தனை எஃப்எம் இருக்கிறதே, அவற்றில் ஏன் யாரும் இப்படிச் செய்தி வாசிப்பதில்லை?

சிற்றலை:

தம்பி, தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப நம் நாட்டில் அனுமதி இல்லை. 2019இல்தான் அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை மாற்றம் இல்லாமல் எடுத்து ஒலிபரப்பலாம் என்று வழிவிட்டார்கள். தொலைக்காட்சிக்கும் பத்திரிகைக்கும் இல்லாத கட்டுப்பாடு வானொலிக்கு மட்டும். இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சரோஜ் நாராயணசுவாமி போன்ற ஒருவர் இன்று உருவாக வேண்டுமென்றால் முதலில் அவர் வாசிக்க ஒரு இடம் வேண்டுமே.

பழையவானொலி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு ஆழமாகப் போகும் என்று எதிர்பார்க்கவில்லை.

மேசைவிளக்கு எழுதியதைப் படித்த பிறகு ஒன்று தெளிவாகிறது. அவரை நாம் 'நெறியாளர்' என்ற இன்றைய பொருளில் நினைவுகூரவே முடியாது. அவர் செய்தியைத் தேர்ந்தெடுக்கவில்லை, விளக்கவில்லை, யாரையும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்தவர் என்று பூர்ணம் விசுவநாதனைச் சொல்வார்கள். அந்த வரிசையில் வந்த எல்லோரும் தங்களைப் பின்னால் வைத்துக்கொண்டவர்கள். பெயரை ஒரு முறை சொல்வார்கள். அதன் பிறகு பத்து நிமிடம் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

பத்து நிமிடம் என்பதையும் கவனியுங்கள். அதற்குள் அடங்க வேண்டும் என்பதால் அவசியமானது மட்டும் உள்ளே வந்தது. இருபத்து நான்கு மணி நேரத்தை நிரப்ப வேண்டிய நிலையத்தில் எவ்வளவு நல்ல வாசிப்பாளர் உட்கார்ந்தாலும், ஒன்றும் நடக்காத நேரத்திலும் அவர் பேசித்தான் ஆக வேண்டும். அந்தப் பேச்சில்தான் நம்பிக்கை கரைகிறது.

பேனாமுனைக்கு என் பதில்: அரசு அந்தக் குரலைப் பயன்படுத்திக்கொண்டது என்பதை ஏற்கிறேன். விடுபட்டவற்றுக்குப் பொறுப்பு செய்தி அறைக்கும் அதை நடத்திய அமைச்சகத்துக்கும். வாசித்தவை சரியாக, புரியும்படி, நிதானமாக வந்து சேர்ந்ததற்குப் பொறுப்பு அவர். இரண்டு கணக்கையும் தனித்தனியாக எழுதலாம். ஒன்றுக்காக இன்னொன்றை அழிக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

பேனாமுனை:

தனித்தனிக் கணக்கு என்றால் எனக்குச் சம்மதம். அதற்கு ஆதாரம் வேண்டும். 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரையிலான டெல்லித் தமிழ்ச் செய்தி அறிக்கை ஒன்றாவது யாரிடமாவது ஒலிநாடாவாகவோ எழுத்துப் பிரதியாகவோ இருக்கிறதா? எதைச் சொன்னார்கள், எதை விட்டார்கள் என்று அன்றைய வெளிநாட்டு வானொலிச் செய்தியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கிடைத்தால் தட்டச்சு செய்து இங்கே போடுவது என் வேலை.

சிற்றலை:

அந்தக் காலத்துக்கு ஸ்பூல் டேப் வைத்திருந்தவர்களைத்தான் பிடிக்க வேண்டும். எண்பதுகள் என்றால் கேசட் கிடைக்க வாய்ப்பு அதிகம். சினிமாப் பாட்டு பதிவு செய்யும்போது அதன் முன்னும் பின்னும் செய்தி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், அதனால் 'பாட்டு' என்று எழுதியிருக்கும் கேசட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள். கிடைத்தவுடன் பழைய பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டாம், அதன் உருளை பிசுபிசுத்துப் போயிருந்தால் நாடாவை இழுத்து அறுத்துவிடும். கேசட்டின் பின்புறம் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் முதலில் உடைத்துவிடுங்கள், மேலே தவறிப் பதிவாகாது. எனக்கு அனுப்பினால் கணினியில் ஏற்றித் திருப்பித் தருகிறேன். தபால் செலவு என்னுடையது.

தென்காசிக்காரன்:

எங்கள் சித்தப்பா வளைகுடாவிலிருந்து கொண்டு வந்த டேப் ரிக்கார்டரில் நிறையப் பதிவு செய்து வைத்திருந்தார். பெட்டி இன்னும் பரண் மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அவசரநிலைக் காலத்தது இருக்காது, அதற்குப் பிந்தையதுதான். 1984 இருக்கலாம்.